இரண்டு நாள் முஸாபிர்



நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் துபாயில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஸ்பெயின் சென்ற அவர், கிரனடாவுக்குத் தெற்கே அல்புஹார்ரா மலைக்கிராமம் ஒன்றில், ஒரே வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தார். கிரனடா வீழ்ந்த பின்னும் முஸ்லிம் வம்சத்தார் வாழ்ந்த பகுதி அது. 1568இல் எழுந்த அவர்களது கிளர்ச்சி 1571இல் ஒடுக்கப்பட்டு, அவர்கள் ஊரை விட்டு அகற்றப்பட்டனர். முஸ்லிம்கள் அமைத்த வாய்க்கால்களில் இன்றும் நீர் ஓடுகிறது. அவற்றைக் குறிக்கும் 'அஸேக்கியா' என்ற ஸ்பானியச் சொல்லும் அரபியிலிருந்து வந்ததே.

"பத்து ஊர் ஓடிப் பார்ப்பதை விட, ஓர் ஊரில் அமர்ந்து பார்ப்பது நல்லது ஹஸரத். நீங்களும் அம்மாவும் இரண்டு நாள் செட்டிநாட்டில் தங்கி வாருங்கள். நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றார்.

காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம் என அவ்வட்டாரத்துப் பழைய கட்டடங்கள் சில இன்று விடுதிகளாகியுள்ளன. மாணவர் பார்த்து வைத்த விடுதியின் ஒரு நாள் வாடகை, நமது மாத ஊதியத்தில் பாதிக்கும் மேல். வீண்விரயம் கூடாதெனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் நாம். "வேண்டாமென்று சொல்லிவிடலாம்" என்றோம்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வீட்டார் திரும்பாமலே சொன்னார்: "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. அடுத்தவங்க சமைச்சு நான் உட்கார்ந்து சாப்பிட்டது, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்பதாங்க."

அதன்பின் மறுக்க நமக்கு வாய் வரவில்லை.

சிவகிரியிலிருந்து ராஜபாளையம், மதுரை வழியாக 150 கிலோமீட்டருக்கும் மேலான பயணம். முஸாபிராகி, நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். தொழுகையையே இலேசாக்கித் தந்த மார்க்கம், பயணத்தின் களைப்பை அறிந்த மார்க்கமல்லவா?

அந்த வீட்டில் பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியப் பளிங்கும் இருந்தன. தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மீது வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல், நீரில் ஊற வைத்துக் கையாலேயே செய்யும் கல் அது. லுஹர் நேரத்திலும் பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் பொருளீட்டிய நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த வணிகம் சரிந்தது. பிற்காலத்தில் பல வீடுகள் பூட்டியே கிடந்தன.

உணவுக்குச் சைவமே கேட்டோம். கவுனி அரிசி இனிப்பும் வெள்ளைப் பணியாரமும் வந்தன. வீட்டார் முதல் வேளை தட்டை எடுத்துக் கழுவ எழுந்துவிட்டார். பரிமாறியவர் தடுத்தபோது, கைகளை எங்கே வைப்பதெனத் தெரியாமல் நின்றார். நமக்கு நெஞ்சு கனத்தது.

இரண்டாம் நாள் அஸருக்குப் பின் அவரைக் காணோம். முகப்பு, வளவு, அடுத்த கட்டு எல்லாம் கடந்து, கடைசியிலிருந்த பழைய அடுப்படியில் ஆட்டுக்கல் அருகே அமர்ந்திருந்தார். "ஆம்பளைங்க பர்மாவுக்குப் போயிட்டாங்க. இவ்வளவு பெரிய வீட்டுலயும் அந்தப் பொம்பளைக்குக் கிடைச்சது இந்த இடந்தானேங்க" என்றார்.

வெளிநாட்டுச் சபரில் ஆண்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் சமுதாயத்துப் பெண்கள் நினைவுக்கு வந்தனர். சபருக்கே போகாத நாமோ, உடனிருந்தும் எதைக் கண்டோம்?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) கூறியது புகாரியில் உள்ளது. எத்தனையோ முறை இதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். நம் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

அந்த விடுதி விற்றது தேக்கையும் பளிங்கையும் அல்ல. ஒருவர் அமர, இன்னொருவர் பரிமாறும் நிம்மதியை. அதை இருபத்திரண்டு ஆண்டுகளாக நாமே செலவின்றித் தந்திருக்கலாம்.

ஊர் திரும்பியது முதல் மதரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் காலைச் சமையல் நம்முடையது. முதல் வாரம் உப்புமா கட்டி கட்டியாக வந்தது. வீட்டார் குறை சொல்லாமல், உட்கார்ந்தே சாப்பிட்டார்.

சகோதரர்களே, வசதியிருந்தால் குடும்பத்தாரை அழைத்துச் சென்று, அவசரமின்றி ஓரிடத்தில் தங்கி வாருங்கள். வசதியில்லையேல் இந்த வெள்ளிக்கிழமை அடுப்படிக்குச் செல்லுங்கள். நம் இல்லங்களை நிம்மதி தரும் இடங்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.