பிரசிடெண்ட் தேர்தலும் எம் ஊர்த் திண்ணையும்

"பிரசிடெண்ட்" என்னுஞ் சொல் எம் ஊராகிய மண்டகப்பட்டில் ஒருவர்க்கும் புதியதன்று. ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாதாரும் அதனை நாடோறும் வழங்குவர். ஆயினும் அவர் அச்சொல்லாற் குறிப்பது டில்லியில் வீற்றிருக்கும் குடியரசுத் தலைவரையன்று, பஞ்சாயத்துத் தலைவரையே. தெருவிளக்கு எரியாவிடினும், குழாயில் நீர் வாராவிடினும், "பிரசிடெண்டப் போய்ப் பாரு" என்பதே எம்மூர் வழக்கு. டில்லித் தலைவரைப் பாராளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் கூடித் தெரிந்தெடுக்கின்றனர். அதில் எம் ஊரார்க்கு நேரே ஓட்டு இல்லை. ஊர்த் தலைவரையோ தாமே வரிசையில் நின்று ஓட்டளித்துத் தெரிந்தெடுக்கின்றனர். 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் எம் மாவட்டத்தில் அத்தேர்தல் நடைபெற்றபோது முதியோர் பலர் கைத்தாங்கலாக வந்து ஓட்டளித்ததை யாம் கண்டோம். ஆகவே, அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பிரசிடெண்ட் தேர்தல் என்று செய்தி வருமாயின், எம்மவர் அதனைத் தம் ஊரளவுகோல் கொண்டே அளப்பர். அவ்வாறு அளந்ததொரு மாலைப்பொழுதைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தனம்.

மண்டகப்பட்டு என்றவுடன் நேயர்களுக்கு நினைவு வருவது குகைக்கோயிலாகும். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், விசித்திரசித்தன் என்னும் பட்டம் பூண்ட மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது அது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய ஒன்றுமின்றி அக்கோயிலை ஆக்குவித்ததாக அவனே ஆண்டுச் சாசனம் பொறித்துள்ளான். பிரமன், ஈசன், திருமால் என்னும் மூவர்க்கும் ஒரே மண்டபத்தில் ஒரு நிரையாக மூன்று கருவறைகள் உள; இன்று மூன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. கல்லூரி மாணாக்கர் ஆசிரியரோடு வந்து பாறையைக் கண்டு, வாயிற்காவலர் சிற்பத்தருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு மீள்வர். அப்பாறைக்கு அப்பால் ஓர் ஊர் உண்டென்பதை நினைப்பார் சிலரே. யாம் கூறவிருக்கும் செய்தியிலும் மூவர் உளர். அவர்க்கும் ஒரே மேடையில் ஒத்த இடம் அளிக்கப்பட்டது. ஒப்புமையை இதற்குமேல் இழுத்தல் தகாது.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் சிங்கப்பூரில் அதிபர் தேர்தல் நடைபெற்றது. ஓட்டுரிமை உடையார் 27 லட்சத்திற்குச் சற்று மேற்பட்டவர். ஓட்டளித்தல் அங்கே சட்டப்படி கட்டாயம். நின்ற அபேட்சகர் மூவர். தர்மன் சண்முகரத்தினம் இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர். நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்து, அவ்வாண்டு ஜூலையில் ஆளுங்கட்சியை விட்டு நீங்கித் தேர்தலில் நின்றவர். ங் கொக் சொங் என்பார் அரசாங்க முதலீட்டு நிறுவனத்தில் தலைமை முதலீட்டு அதிகாரியாக விளங்கியவர், எக்கட்சியிலும் சேராதவர். டான் கின் லியான் கூட்டுறவுக் காப்புறுதி நிறுவனமொன்றின் தலைமை நிர்வாகியாயிருந்தவர். 2011-இலும் நின்று வைப்புத்தொகையை இழந்தவர். ஓட்டெடுப்புக்கு நான்கு நாள் முன்னர், ஆகஸ்டு 28-ஆம் நாள், இம்மூவரும் தொலைக்காட்சியில் ஒருங்கே தோன்றி வினாக்களுக்கு விடையிறுத்தனர்.

எம் சித்தப்பா பதினோராண்டுகளாகச் சிங்கப்பூரிற் கட்டட வேலை செய்பவர். ஆண்டு அவர்க்கு ஓட்டு இல்லை. ஆயினும் ஓட்டுள்ளார் பேசுவதைக் கேட்கக் காதுகள் உண்டு. அவ்வாண்டு அக்டோபரில் விடுமுறைக்கு வந்தவர், அவ்விவாதத்தைத் தம் கைப்பேசியிற் பதிந்து கொணர்ந்திருந்தார். முடிவு வெளியாகி ஒரு திங்கள் கழிந்திருந்தும் எம் ஊர்த் திண்ணைக்கு அது எட்டவில்லை. சித்தப்பாவும் வேண்டுமென்றே அதனைச் சொல்லவில்லை. "நீயும் வாயத் தொறக்காத" என்று எமக்குக் கட்டளை. திண்ணையில் ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். லோடு வண்டி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனும் வந்து அமர்ந்தார்.

பேச்சு முழுதும் ஆங்கிலம். சித்தப்பாவின் ஆங்கிலமோ சாரத்தின்மேல் நின்று கற்றது. பாதியைத் தமிழாக்கினார், மீதியைக் கையசைத்து முடித்தார். ஒருவர் நம்மவர் என்றவுடன் ஆயா மகிழ்வார் என அவர் எதிர்பார்த்தனர் போலும். ஆயா மகிழவில்லை.

"மொதல்ல இது இன்னா வேலைன்னு சொல்லுப்பா" என்றார்.

அது தக்க வினாவே. சிங்கப்பூர் அதிபர் ஆட்சி நடத்துபவரல்லர். அது பிரதமர் பணி. முன்னை அரசுகள் சேர்த்துவைத்த இருப்புநிதியை இன்றைய அரசு தொட வேண்டுமாயின் அதிபரின் இசைவு வேண்டும். உயர் பதவிகள் சிலவற்றிற்கு ஆள் அமர்த்துதற்கும் அங்ஙனமே. இதனை ஆங்குள்ளோர் இரண்டாம் சாவி என்பர். சித்தப்பா இதைச் சொன்னதும் ஆயாவின் கை நின்றது. எம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு இரு பூட்டுகள். ஒரு சாவி உபதேசியாரிடம், மற்றொன்று சபை மூப்பரிடம். இருவரும் ஒருங்கே இருந்தாலன்றிப் பெட்டி திறவாது. ஆயாவுக்கு அரசியற் சட்டம் முழுதும் விளங்கிவிட்டது.

"அப்போ பேசுறவனப் பாக்காதீங்க. சும்மா நிக்கிறவன் மூஞ்சியப் பாருங்க. அடுத்தவன் பேசும்போது எவன் காது குடுக்கறான், எவன் எப்படா முடிப்பான்னு நிக்கிறான்னு பாருங்க. சாவிய வச்சிருக்கவனுக்குக் காதுதான் வேணும்."

இதனை எழுதுங்கால் அமெரிக்க விவாதங்களைப் பற்றிப் பின்னர்க் கற்றவை எம் நினைவுக்கு வருகின்றன. 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் கென்னடியும் நிக்ஸனும் சிக்காகோவில் தொலைக்காட்சி முன் எதிர்நின்றனர். வானொலியிற் கேட்டார் நிக்ஸன் வென்றார் என்றும், தொலைக்காட்சியிற் கண்டார் கென்னடி வென்றார் என்றும் கருதியதாக ஒரு கதை எங்கும் வழங்குகின்றது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் கணக்கெடுப்பு மிகச் சிறியது என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். எனினும், கென்னடி பேசுங்கால் திரை இடையிடையே நிக்ஸனைக் காட்டிற்று என்பதும், முழங்கால் நோயினின்று தேறிவந்த அவர் முகம் வெளிறி வியர்த்திருந்ததென்பதும் உண்மை. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் விவாதித்தபோது, ஒருவர் முறை வரும்வரை அவர் ஒலிவாங்கி அடைக்கப்பட்டது. ஆனால் முகத்தை அடைத்தல் இயலுமா? பிறர் பேச்சைக் கேட்டு நின்ற பைடனின் முகமும், அவர்தம் தடுமாறிய குரலும் ஓட்டாளரை அன்றிரவே கலக்கின. ஜூலை 21-ஆம் நாள் அவர் போட்டியினின்றும் விலகினார். அவரிடத்தில் நின்ற கமலா ஹாரிஸ், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகவுடைய கோபாலனின் பேர்த்தி, செப்டம்பர் 10 அன்று விவாதித்தார். பார்த்தார் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் பேர். அன்று மேம்பட்டவர் ஹாரிஸே என்று பார்த்தாருட் பெரும்பாலார் கூறினர். தேர்தலில் வென்றவரோ டிரம்ப். ஆகவே விவாதத்தில் வென்றார் பதவியும் பெறுவர் என்பது விதியன்று. துளசேந்திரபுரத்துக் கோயிலிற் செய்த அர்ச்சனையும் பயனளித்திலது.

நிற்க. திண்ணைக்கு மீள்வோம். லோடு வண்டி அண்ணனுக்குப் பிடித்தவர் ங் கொக் சொங். "கட்சிக்காரன் கட்சி கேட்டா சாவியக் குடுத்துடுவான்" என்பது அவர் வாதம். சிங்கப்பூரிலும் இதுவே பெரிய வினாவாயிருந்ததென்று சித்தப்பா கூறினார். அவர் வேலைத்தலத்துச் சீன மேற்பார்வையாளர், இருபதாண்டுகளுக்கு மேல் ஆளுங்கட்சியில் இருந்தவர் அக்கட்சியின் அரசை எங்ஙனம் மறுப்பார் என்று விவாதத்தின் மறுநாள் உணவுக்கூடத்தில் வினவினாராம். மலாய்க்கார ஓட்டுநர் ஒருவர், 2017-இல் அப்பதவி மலாய் இனத்தார்க்கென ஒதுக்கப்பட்டு, தகுதி பெற்றவர் ஒருவரேயானமையால் ஓட்டெடுப்பே நிகழவில்லை என்பதை நினைவூட்டி, "யாராயினும் ஆகுக, இம்முறை ஓட்டுப் போடக் கிடைத்ததே" என்றாராம். தேநீர் ஊற்றிய தமிழரோ ஒன்றும் பேசாமற் சிரித்தாராம். விவாதத்திற்குப்பின் ஓட்டாளர் பேசுவதில் விவாதத்தின் சொற்கள் மிகச் சிலவே இருத்தலை நேயர்கள் நோக்குக. அவரவர் நெடுநாள் நெஞ்சில் வைத்திருந்த ஐயத்திற்கு அன்றிரவு ஒரு முகம் கிடைத்தது; அவ்வளவே.

பதிவு முடிந்ததும் சித்தப்பா கேட்டார்: "ஆரு ஜெயிச்சிருப்பா, சொல்லு."

ஆயா சிறிதும் தயங்காமல், "நம்ம ஆளு நல்லாத்தான் காது குடுக்கறாரு. ஆனா போட மாட்டாங்க" என்றார். காரணம் கேட்டோம். "ஊருல முக்காவாசி சீனக்காரங்கன்ற. அவுங்க எப்படிப்பா போடுவாங்க?"

சித்தப்பா அப்போதுதான் கணக்கைச் சொன்னார். தர்மனுக்கு 70.4 விழுக்காடு, ங் கொக் சொங்கிற்கு 15.7, டான் கின் லியானுக்கு 13.9. செப்டம்பர் 14-ஆம் நாள் தர்மன் பதவி ஏற்றுக்கொண்டார். அண்ணன் கைதட்டினார். ஆயா முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கூறியது இது: "அப்போ அவரு அவுங்க தெருவுக்குள்ளயும் போயிருப்பாரு."

இச்சொல்லின் பொருள் எமக்கு உடனே புலப்பட்டிலது. ஆயா பிறந்த ஊர் வேறு. அதன் பெயர் ஈண்டு வேண்டா. அவர் முதன்முதல் ஓட்டளித்தது 1971-இல். அந்நாளில் அவர் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தெருவுக்குள் நுழைந்ததில்லையாம். தெருமுனைப் புளியமரத்தடியில் நின்று, பெரியவர் ஒருவரை அழைத்து, "உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடு" என்று கூறிப் போவராம். ஆயா வாசலில் நின்றபடி அவர்தம் வெள்ளைச் சட்டையின் முதுகை மட்டும் கண்டாராம். ஒருவர் முகமாவது தெரியாமல், ஒரு வார்த்தையாவது கேளாமல், சின்னத்தை மட்டும் கண்டு குத்திவிட்டு வந்தேன் என்றார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, கைப்பேசித் திரையில், தமக்கு ஓட்டில்லாத நாட்டின் அபேட்சகர் மூவர் வாய்மூடி நின்று வினாவைக் கேட்டதையே அவர் உற்று நோக்கினார் என்பது அப்போதே எமக்கு விளங்கியது.

அவ்வெற்றி கேட்டுத் "தமிழன் வென்றான்" என்று நம் நாட்டிற் பலர் களித்தனர். களிப்பில் எமக்கும் பங்குண்டு. ஆனால் வெற்றி தந்தவர் பெரும்பாலும் தமிழரல்லாதார் என்பதைக் களித்தார் எண்ணினரா என ஐயுறுகின்றோம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் என்னும் ஊர்களிற் பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டமையால், 1996 முதற் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நிகழவில்லை. நிகழ்ந்தபோதும் தெரிந்தெடுக்கப்பட்டார் உடனே விலகுமாறு ஆயிற்று. 2006 அக்டோபரிலேயே அந்நிலை மாறிற்று. எம் அயல் மாவட்டமாகிய கடலூரிற் தெற்குத்திட்டையில், பஞ்சாயத்துத் தலைவராகிய பெண்மணி கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க ஏனையோர் நாற்காலியில் இருந்த நிழற்படம் 2020-இல் நாடெங்கும் பரவிற்று. ஒத்த மேடை என்பது தொலைக்காட்சியார் செய்யும் சிறிய ஏற்பாடென்று எண்ணற்க.

தேர்தல் நம்மவர்க்குப் பழைதென்று கூறுவார் உத்தரமேரூர்க் குடவோலையைக் காட்டுவர். 921-ஆம் ஆண்டுச் சாசனத்தில் வயதும், வீடும், நிலமும், வேதக் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்டன. கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர் என்பது இன்றும் போற்றத்தக்கது. எனினும் குடத்துள் இடப்பட்ட ஓலைகளில் ஆயாவின் முன்னோர் பெயர் ஒன்றும் இருந்திராது. இக்காலத்திலும் விவாதம் நம் நாட்டு வழக்கமாகவில்லை. 2024 மே மாதத்தில் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ. பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் ஆகிய மூவர், பிரதமர் மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்திற்கு அழைத்தனர். ராகுல் காந்தி இசைந்தார்; விவாதம் நிகழ்ந்திலது. பஞ்சாயத்துத் தேர்தலிலோ அபேட்சகர் தனித்தனியே வீடுதோறும் வந்து கும்பிடுகின்றனர். ஒருவர் சொல்லியதை மற்றவர் கேளார். நாமும் இருவர் முகத்தையும் ஒருங்கே காணோம்.

இதனை ஆயாவிடம் விரித்துரைத்து, நம் ஊரிலும் அங்ஙனம் ஒரு மேடை இட்டால் என்ன கேட்பீர் என்று சென்ற விடுமுறையில் வினவினோம். "மூணு பேருக்கும் ஒரே கேள்வியா?" என்று உறுதி செய்துகொண்டார். ஆம் என்றோம். "அப்போ நான் யோசிச்சுச் சொல்றேன். ஒரு கேள்விதான்னா அவசரப்படக் கூடாது."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றார். இதற்கிடையே, நம் கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தலிலேனும் அபேட்சகர் எல்லாரும் ஒரே மேடையில் நின்று, விடுதி மாணாக்கரும் வெளியூரினின்று பேருந்தில் வருவோரும் எழுதியிடும் வினாக்களுக்கு ஒத்த அளவு நேரத்தில் விடையிறுத்தல் கூடுமா என்று தமிழ்மன்றத்தாரைக் கேட்டுள்ளோம். ஒரு நிபந்தனையும் உடன் எழுதினோம்: ஒருவர் பேசுங்கால் மற்றையோர் கைப்பேசியை நோக்குதல் ஆகாது. மன்றத்தாரின் மறுமொழி இன்னும் வந்திலது.