அன்னை எடுத்துத் தந்த மாலை

மீஞ்சூரை 'வட காஞ்சி' என்பர். ஏகாம்பரநாதரும் வரதராசரும் இங்கே எழுந்தருளியிருக்கிறார்களாம்! அத்தகைய ஊரில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், கடவுள் இல்லை என்கிறோம். விடுவார்களா?

புரோகிதரின்றித் திருமணம் என்று நாம் அறிவித்த அன்று, அன்னை அடுக்களையில் அமர்ந்து அழுதார். "சட்டப்படி செல்லாதே!" என்றார் அண்டை வீட்டுப் பெரியவர். செல்லாதிருந்த காலமும் உண்டு. 1967இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சி இயற்றிய சட்டம் அதனை மாற்றிற்று. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. பெரியவர் வாயடைத்தார். ஆனால், அன்னையின் கண்ணீருக்கு எந்தச் சட்டப்பிரிவைக் காட்டுவது?

தந்தையார் மறைந்தபின் எந்த மணவறையின் அருகிலும் நில்லாதவர் அவர், நிற்க விடப்படாதவர்! "மாலையை நீதானம்மா எடுத்துத் தர வேண்டும்" என்றோம்.

"நானா?" என்றார்.

மணநாளன்று வந்தார், நெற்றியிலே திருநீறு, நடுங்கும் கையிலே மாலை. திருநீற்றை அவர் துறக்கவில்லை. கொள்கையை நாமும் துறக்கவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குச் செல்கிறார், நாம் தடுப்பதில்லை.

தோழர்களே! அவரை விலக்கி வைத்தது சாத்திரம். அழைத்து முன்னே நிறுத்தியது சுயமரியாதை. இதனை அன்னையிடம் நாம் வாதிட்டு விளக்கவில்லை. மாலையை ஏந்திய கை அறியாதா?