கொடி ஏறிய நாளில் சிறையில் இருந்தவர்

1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி கொடியேற்றினார். வரலாற்று ஆசிரியராக இதை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். இன்றும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அன்றைக்கு செல்லுலார் சிறைக்குள் யார் இருந்தார் என்பதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நான் முடித்ததில்லை.

1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் அந்தமானில் இறங்கியபோது எதிர்ப்பே இல்லை. வெள்ளைக்காரன் தொலைந்தான் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. சில நாளிலேயே, கோழி பிடிக்க வந்த சிப்பாய்களை ஏர்கன்னால் சுட்ட ஜுல்பிகர் அலி என்ற இளைஞனை ஊரே பார்க்கக் கொன்றார்கள். பிறகு யாரையும் பிடிக்க ‘ஒற்றன்’ என்ற ஒரு சொல்லே போதும் என்றாயிற்று.

டாக்டர் திவான் சிங் பஞ்சாபிக் கவிஞர். அங்கே இந்திய சுதந்திர லீகின் தலைவர். அவரையும் அப்படித்தான் பிடித்தார்கள். நேதாஜி வந்தபோது அவர் அந்தச் சிறையில் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். வந்தவரை ஜப்பானியர் தங்கள் பிடியிலேயே வைத்திருந்தார்கள். 1944 ஜனவரி 14-ல் டாக்டர் இறந்தார். ஜனவரி 30-ல், கொடி ஏறிச் சரியாக ஒரு மாதத்தில், ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்து ஐ.என்.ஏ. சார்பில் நிர்வாகியாக வந்தவர் நம் சென்னை மாகாணத்துக்காரர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். காவல்துறையை ஜப்பானியர் கைவிடவில்லை. உருப்படியாகக் கொடுத்தது கல்வித்துறை மட்டும். (போரிலும் யாருக்கும் வேண்டாத இலாகா நம்முடையதுதான்!) உடல்நலம் கெட்டு அந்த வருஷமே திரும்பிவிட்டார்.

நேதாஜியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. துப்பாக்கி வேறொருவன் கையில் இருந்தது.

1945 ஆகஸ்டில் உணவுப் பஞ்சம். புதிய நிலத்தில் பயிர் செய்யலாம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி, ஹாவ்லாக் தீவருகே இரவில் கடலில் தள்ளினார்கள். பிழைத்தவர்கள் மிகச் சிலர். ஜப்பான் சரணடையச் சில நாட்களே இருந்தன.

அக்டோபரில் அதே ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். விடுவிக்க வந்தது பழைய வெள்ளைக்கார ஆட்சிதான். “அப்போ எதை சார் விடுதலைன்னு எழுதறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டு தேதியையும் எழுது, பக்கத்தில் 44 என்றும் எழுது என்றேன்.

2018-ல் ஹாவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். அந்தமான் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். ஹோம்ஃப்ரேகஞ்சில் அந்த 44 பேருக்கு நினைவிடம் இருக்கிறது. ஓட்டுநரிடம் கேட்டால் அழைத்துப்போவார்.