மர்மப் படமும் மீந்த சந்தேகமும்

மர்மப் படங்களுக்கெனச் சில மரபுகள் உண்டு. தொடக்கத்திலே ஒரு கொலை. பின்னர் மழையிரவு, பூட்டிய அறை, பாதியில் அறுந்துபோகும் தொலைபேசி. இறுதியில், எவரை நாம் ஐயுறவில்லையோ அவரே குற்றவாளி. இவற்றை மலிவான உத்திகளென ஒதுக்குவோர் நம் விரிவுரை மண்டபங்களிலும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சந்தேகம் என்னும் உணர்வையே மூலதனமாகக் கொண்ட கலைவடிவம் இது.

தமிழில் இதற்குத் தக்க சான்று, வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்'. பாடல்களற்ற படம் என்றே அது பெரிதும் பேசப்படுகின்றது. அதனினும் நோக்கத்தக்கது அதன் விசாரணை முறை. சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டுச் சூழலில், வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டு வீழ்கின்றான். அயலவர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஒவ்வொருவராக ஐயத்துக்கு உள்ளாகின்றனர். ராஜனோ நாட்டின் இரகசியங்களை எதிரிக்கு விற்றவன். சுட்டது மனைவியின் கை. (முடிவை வெளியிடுதல் மர்மப் படத்துக்கு இழைக்கும் துரோகமே, எழுபதாண்டு கடந்த படமாதலின் வாசகர் பொறுப்பார்களாக.) உண்மை வெளிப்பட்ட கணமே ஏனையோர் மீதான ஐயம் அகன்றுவிடுகின்றது. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980) கொலைகாரனை முன்னரே காட்டிவிடுகின்றது. அங்கும் குற்றம் ஒருவனோடு நின்றுவிடுகின்றது.

வாழ்க்கை இம்மரபைப் பேணுவதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களின் பின், 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வீடொன்றைப் படையினர் சுற்றிவளைத்தபோது, உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர், குழந்தைகளும் மாண்டனர். குற்றவாளிகள் யாரென்பது தெரிந்தது. திரைப்படமாயின் அங்கே முடிந்திருக்கும். எங்கள் கரையிலோ சந்தேகம் அதன் பின்னரே வீடுவீடாக வந்தது. அப்போது நான் சாதாரணதர வகுப்பு மாணவன். அரபு எழுத்துள்ள நூல்களை அலுமாரியிலிருந்து இறக்கிய உம்மா, அவற்றை எங்கு வைப்பதெனத் தெரியாது கூடத்தில் நின்றார். வெளியூர் பஸ்ஸில் வாப்பாவுக்கு அருகிலிருந்த ஆசனம் பல மாதங்கள் வெறுமையாகவே இருந்தது. அவரை எவரும் விசாரிக்கவுமில்லை. ஆதலால் எவரும் விடுவிக்கவுமில்லை.

வழக்குத் தீர்ந்த மறுநாட் காலையில் 'அந்த நாள்' படத்து அயலவரும் தம்பியும் அதே தெருவில் ஒருவரையொருவர் எங்ஙனம் எதிர்கொண்டனர்? பாலசந்தர் அதனைக் காட்டவில்லை. மரபுப்படி காட்ட வேண்டியதுமில்லை. அந்தக் காலையிலிருந்து தொடங்கும் தமிழ்ப் படம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.