விண்மீன்களுக்கு ஒரு கேமரா



என் மூத்த மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. விண்மீன்களைப் படமெடுக்க ‘ஃபுல் ஃபிரேம்’ கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. 70,000 ரூபாய் சேர்த்திருந்தான். அவன் விரும்பிய புதிய கேமராவோ, லென்ஸும் சேர்த்தால், ஏறத்தாழ மூன்று மடங்கு. மீதியைக் கிரெடிட் கார்டில் தவணையாகக் கட்டிவிடலாம் என்றான். “வட்டியில்லாத் தவணைதான் அத்தா” என்று விளம்பரத்தையும் காட்டினான். விவரத்தை இருவரும் வாசித்தோம். வங்கி வட்டியைக் கணக்கிடுகிறது. அதே தொகையை விலையில் கழித்துக் காட்டுகிறார்கள். தவணை தவறினால் அபராதம் தனி. அந்த ஒப்பந்தம் நம் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில வாரங்கள் அவன் என்னிடம் அதிகம் பேசவில்லை.

மறுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது தகப்பனுக்கு எளிது. ஆனால் மக்தபில் சூரா அந்நஜ்மில் வரும் ‘ஷிஃரா’ என்னும் விண்மீனைப் பற்றி நான் விளக்கியபோது, அதை வானத்தில் காட்டச் சொல்லி முதலில் கேட்டவன் அவன்தான். அந்த ஆர்வத்தை அணைக்க மனம் வரவில்லை. நானும் அத்துறையைக் கற்க உட்கார்ந்தேன்.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுடையது. சாதாரண கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரைவிடப் பரப்பில் இரு மடங்குக்கும் மேல். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் விண்மீன் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால், எத்தனை விநாடி திறக்கலாம் என்பது தோராயமாகத் தெரியும். 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடிகள். ஏபிஎஸ்-சியில் அதே லென்ஸுக்கு 16 விநாடிகள்தாம். மக்தப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு.

கற்கக் கற்க ஒன்று தெளிவாயிற்று. புதிய கேமராவின் விலையை உயர்த்துபவை விரைவான ஆட்டோஃபோகஸ், நொடிக்குப் பல படங்கள், உயர்தர வீடியோ ஆகியவை. விண்மீனுக்கு இவற்றால் பயன் மிகக் குறைவு. அங்கே கையால்தான் ஃபோகஸ் செய்கிறார்கள். ஆகவே 2012-இல் வந்த கேனான் 6டி, 2014-இல் வந்த நிக்கான் டி750 போன்றவை இன்றும் போதும். ஹைட்ரஜன் வாயுவின் செந்நிற ஒளியைப் பதிவதற்கென்றே நிக்கான் 2015-இல் டி810ஏ என்றொரு கேமராவை வெளியிட்டது. முதல் கேமராவுக்கு அது தேவையற்ற செலவு என்பது என் கருத்து.

ஆவடியில் திருமணப் படமெடுக்கும் ஒருவரிடம் பழைய 6டி ஒன்று கிடைத்தது. லென்ஸை மூடி 30 விநாடி திறந்துவைத்து, கறுப்புப் படத்தில் வெண்புள்ளிகள் தெறிக்கின்றனவா என்று பார்த்தோம். வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் எடுத்துச் சென்சாரில் தூசி இருக்கிறதா என்றும் பார்த்தோம். 24 மி.மீ. லென்ஸும் டிரைபாடும் வாங்கிய பின்பும் மகன் கையில் பணம் மிஞ்சியது.

ஆனால் எந்தக் கேமராவாலும் தீராத குறை ஒன்று உண்டு. கோவில்பதாகை ஏரிக்கரையில் நின்றால் கிழக்கே சென்னையின் வெளிச்சம் வானைச் சாம்பலாக்கிவிடுகிறது. காவலூர் வானாய்வகத்தை ஜவ்வாது மலையில் அமைத்ததும் இருளைத் தேடித்தான். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. என் தங்கை வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கிருந்து ஆலங்காயம் வழியே மலைக்கு வழி. நிலவில்லா இரவைக் கண்டுபிடிக்க இணையம் தேவைப்படவில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியில் பிறை 27-க்குப் பின் எந்த இரவும் ஏற்றதே.

ரஜப் மாதக் கடைசியில் சென்றோம். இஷாவுக்குப் பின் மகன் ஷிஃராவை எடுத்தான். பிறகு கேமராவை வடமேற்கே திருப்பினான். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964 வாக்கில் தம் நூலில் சிறு மேகம் என்று குறித்துவைத்த ஆண்ட்ரோமெடா, 20 விநாடியில் திரையின் ஓரத்தில் வெண்மையாய்ப் படிந்திருந்தது. உடன் வந்த என் மைத்துனர் குனிந்து பார்த்து, “லென்ஸில் தூசு இருக்கிறதே மருமகனே, துடைக்கவில்லையா?” என்றார். மகன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். “அத்தா, நீங்களே மாமாவுக்குச் சொல்லுங்கள்” என்றான்.