சுவருக்கும் வாய் உண்டு

சுவருக்குக் காது உண்டென்று பெரியவர்கள் எச்சரித்து வைத்தார்கள். அதற்கு வாயும் உண்டென்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஸ்நான அறையில் பாடுகிறவர்கள் எல்லாரும் தங்களை வித்வான்களாக எண்ணிக்கொள்வதற்கு அந்த வாய்தான் காரணம். பீங்கான் ஓடு பதித்த சுவர் பாடியதையே பலமுறை திருப்பிப் பாடி, சுருதிப் பிசகையெல்லாம் மூடி மறைத்துவிடுகிறது. கலியாண மண்டபத்திலோ அதே வாய் வாழ்த்துரையை விழுங்கி, வெறும் இரைச்சலை நமக்குத் திருப்பித் தருகிறது.

நாம் வசிப்பது அத்திப்பட்டில். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. மறு பக்கம் வட சென்னை அனல் மின் நிலையமும் எண்ணூர்த் துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளும். இப்படிப்பட்ட ஊரில் ஒலிப்பதிவு அறை அமைக்கப் புறப்பட்டவரைப் பார்த்து அயலார் நகைப்பது நியாயமே. ஆயினும் நமக்கு அதற்கு ஓர் அவசியம் இருந்தது. நம்மிடம் படிக்கும் பார்வையற்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அவன் மிகுந்த தயக்கத்துடன், "ஸார், நீங்கள் சொல்வது வலியா, வளியா, வழியா என்று தெரியவில்லை" என்றான். அவனுக்குக் காதே கண். அந்தக் கண்ணுக்கு முன் நம் அறையின் சுவர்கள் திரை போட்டுக்கொண்டிருந்தன.

காரணம் எளிது. உயிரெழுத்தின் ஓசை பலமானது, நீண்டு நிற்பது. மெய்யெழுத்தின் ஓசை மெலிந்தது. கண நேரத்தில் மறைவது. வெறுஞ்சுவர் அறையில், முன் சொன்ன உயிரின் வால் அடங்குமுன் அடுத்த மெய் பிறந்து, அந்த வாலுக்கு அடியில் நசுங்கிப் போகிறது.

இந்த வியாதிக்கு முதன்முதலில் கணக்கோடு வைத்தியம் செய்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலை ஆசிரியர் வாலஸ் ஸபைன். 1895-ல் அங்கே பாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய பிரசங்க மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்து விநாடிக்கு மேலாயிற்று. ஸபைன் பக்கத்து நாடக மண்டபத்திலிருந்து ஆசன மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பிப் பார்ப்பார். விடியுமுன் திருப்பி வைத்துவிடுவார். அந்த இரவுகளின் பலனாகக் கிடைத்த சூத்திரம் இது: அறையின் கன அடியை 0.049 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பின் சதுர அடியால் வகுத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய எத்தனை விநாடி என்பது கிடைக்கும். சின்ன அறைக்கு இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் வழி காட்டப் போதும்.

நம் அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. 1,000 கன அடி. 600 சதுர அடிச் சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து, நூற்றுக்கு 3 வீதம், 18 சதுர அடிக்குத்தான் உறிஞ்சும். கணக்கிட்டால் 2.7 விநாடி! அன்றியும், மூன்று பக்கமும் சமமான கன சதுரம்தான் ஒலிக்கு மிகப் பொல்லாத வடிவம். பத்தடி இடைவெளியில் விநாடிக்கு 56, 112, 169 தடவை அதிரும் ஒலிகள் சுவருக்குச் சுவர் மோதி வீங்குகின்றன. மூன்று திசையிலும் அதே எண்கள். ஆண் குரலின் அடிச் சுருதி பெரும்பாலும் 100-க்கும் 150-க்கும் இடைப்பட்டது. ஆகவே 112 நம் தொண்டைக்கு நேரே வந்து நின்றது.

சிநேகிதர்கள் முட்டை அட்டை ஒட்டச் சொன்னார்கள். அதனால் உண்டாகும் பிரயோஜனம் மிகச் சொற்பம். மெல்லிய நுரைப் பஞ்சுப் பலகை மேல் ஸ்தாயியை மட்டும் உறிஞ்சி, கீழ் ஸ்தாயியை முழங்க விட்டுவிடும். அதில் வேறு ஆபத்தும் உண்டு. 2003 பிப்ரவரி 20-ல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு கேளிக்கை விடுதியில், மத்தாப்புப் பொறி சுவரிலிருந்த நுரைப் பஞ்சைப் பற்றி, நூறு பேர் மாண்டார்கள்.

நாம் தேர்ந்தது ராக்வுல் என்னும் கற்பஞ்சு. அது நெருப்பில் எரியாது. நாலு அங்குலக் கனத்தில் இரண்டடிக்கு நாலடி மரச்சட்டத்தில் அடைத்து, மேலே கதர்த் துணி போர்த்தினோம். துணியில் வாயை வைத்து ஊதினால் மூச்சு அப்பால் போகவேண்டும். போகாத துணியை ஒலியும் எளிதில் கடவாது. பஞ்சின் தூசி உடலுக்கு ஆகாதாகையால், வேலை முடியும்வரை மூக்கைக் கட்டிக்கொண்டோம்.

பலகைகள் பத்து: 80 சதுர அடி. பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று: 24. முன்னிருந்த 18-ஐச் சேர்த்தால் 122. எதிரொலி 0.4 விநாடிக்கு இறங்கிற்று.

எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். கீழ் ஸ்தாயியின் அழுத்தம் மூலைகளில் குவிவதால், நான்கு மூலைக்கும் ஒவ்வொரு பலகையைக் குறுக்காக, பின்னால் வெற்றிடம் விட்டு நிறுத்தினோம். பக்கச் சுவர்களுக்கு இடம் காட்டியது முகம் பார்க்கும் கண்ணாடி. ஒருவர் அதைச் சுவரோடு நகர்த்த, ஆசனத்தில் இருப்பவருக்கு எங்கே ஒலிபெருக்கி தெரிகிறதோ, அங்கேதான் ஒலியும் பட்டுத் திரும்பும். இரு சுவருக்கும் ஒவ்வொன்று. எதிர்ச் சுவரில் இரண்டு. தலைக்கு மேல் இரண்டு. மைக் நம் முகத்தைப் பார்ப்பதால் முதுகுக்குப் பின்னுள்ள சுவரையும் பார்க்கிறது. அங்கே மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். ஆசனத்தை அறையின் நட்டநடுவே போடாமல் சற்றே விலக்கிப் போட்டோம்.

ஒன்று மட்டும் நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். இந்தப் பஞ்சு அறைக்குள் பிறந்த ஒலியை அடக்குமேயன்றி, வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்காது. ரயிலைத் தடுக்கக் கனமான சுவரும், காற்றுப் புகாத கதவும் வேண்டும். கதவிடுக்கில் ரப்பர்ப் பட்டை ஒட்டினோம். மீதிக்கு, வண்டி போகும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறோம்.

மாணவன் இப்போது வலியையும் வளியையும் வழியையும் வேறு வேறாகக் கேட்கிறான். அதற்குமேல் நாம் என்ன கேட்கப் போகிறோம்? வீட்டறையில் நடக்கும் வேலையை அற்பமென்று யாரும் எண்ணவேண்டாம். ஏ. ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லையில் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான் 1992-ல் 'ரோஜா'வின் சங்கீதம் தேசமெங்கும் போயிற்று.

தங்கள் வீட்டிலும் குழந்தைகளுக்குப் பாடமோ பாட்டியின் கதையோ பதிய விரும்பும் நேயர்கள், கருவி வாங்கக் கடைக்குப் போகுமுன் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பார்க்கட்டும். தட்டிய கை ஓய்ந்த பிறகும் சுவர் தட்டிக்கொண்டிருந்தால், முதல் செலவு மெத்தைக்கும் கதருக்குமே ஆகட்டும்.