குமரியில் எடுத்த நிலா

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போகிறோம் என்றதும் என் மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சூரியன் இறங்குறதையும் நிலா ஏறுறதையும் போட்டோ புடிச்சிட்டு வா. நான் போனப்போ ஒரே மேகம். இனிமே இந்த முழங்காலை வச்சுக்கிட்டு எங்கே போறது?"

2024 ஏப்ரல் 23. கையில் இருந்தது ஒரு சின்ன டிஜிட்டல் கேமராதான். அதில் மொட்டை மாடியிலிருந்து நான் எடுத்த நிலாவெல்லாம், சிந்திய தோசை மாவு மாதிரி வெள்ளைத் திட்டாகத்தான் விழுந்திருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. இங்கே நமக்கு ராத்திரி. நிலாவிலோ பளிச்சென்று வெயில்! கேமரா சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து, வெளிச்சம் போதாதென்று கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. நிலா வெளுத்துப் போகிறது.

ஆகவே இருட்டும் வரை காத்திருக்கவே கூடாது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் சமயத்தை ஒட்டியே எதிர்த்திசையில் நிலா வந்துவிடும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் அந்த அரைமணி நேரத்தில் எடுத்தால், நிலாவும் விழும், கீழே இருப்பதும் விழும். எந்த ஊரிலும் இப்படித்தான். குமரியில் இரண்டையும் கடல் மேலேயே பார்க்கலாம் என்பதால்தான் இத்தனை கூட்டம்.

முக்கடல் சங்கமத்தில் ஆறு மணிக்கே இடம் பிடித்தோம். மேற்கே சூரியனை எடுத்தாயிற்று. கிழக்கே ஒரே மங்கல். "நிலா வராதும்மா" என்று பெரியவன் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்னும் பத்து நிமிடம் போயிருக்கும். வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில், மஞ்சள் பூசிய முகம் போல் எட்டிப் பார்த்தது!

"அம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்றாள் சின்னவள். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மூடச் சொன்னேன். நிலா காணாமலே போயிற்று. அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது வெறும் கண்மயக்கு; படத்தில் கடுகளவுதான் இருக்கும். அதனால் 133 அடிச் சிலையையும் சேர்த்தே எடுத்தேன்.

சுற்றிலும் ஃப்ளாஷ் மின்னல்கள். சில மீட்டர் தாண்டாத வெளிச்சம், சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதை என்ன செய்யும்? என்னுடையதை அணைத்துவிட்டேன். ஸ்டாண்டு இல்லை. சின்னவள் வாங்கிய பல நிற மணல் பொட்டலங்கள் கைகொடுத்தன. தேவியின் கல்யாணம் நின்றுபோக, சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாயின என்பார்கள். சுவர் மேல் அவற்றைப் பரப்பிக் கேமராவை அழுத்தி உட்கார வைத்தேன். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து, இரண்டு விநாடி டைமரும் வைத்தேன். பொத்தானை அமுக்கிய ஆட்டம் அடங்கிய பிறகு படம் விழும்.

பன்னிரண்டில் மூன்று தேறின. நன்றாக இருட்டிய பின் ஆசைக்கு ஒன்று எடுத்தேன். பழையபடி தோசை மாவு!

ஊர் திரும்பி, சூரியன் ஒன்று, நிலா ஒன்று என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மாமியார் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை மாற்றிக் கொண்டார்.

"தெற்கே பார்த்து நின்னா நிலா இடது கைப்பக்கம்னா வரணும்!"